துளை இல்லாத சுரங்கத்தின் மேலாளர் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆழ்துளைக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவரும், தங்கள் அலுவலகத்தில் பதிவு பெற்ற சுரங்க மேலாளருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் அக்காளும் உடல் அளவில் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் மனைவி மக்களின் நலத்தையும், தங்கள் மேசைமேல் படுத்திருக்கும் என் விண்ணப்பத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, "அத்தான், உறவு வேற, ஆபீஸ் வேற. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். (தாங்கள் அதற்குள் நீ ஆகிவிட்டதைக் கவனித்திருப்பாய். உன்னை அரைக்கால்சட்டைக் காலத்திலிருந்து பார்த்தவனால் இதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கோப்பில் சேர்க்கும்போது திருத்திக்கொள்ளச் சொல்.) அந்தப் பதிலைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. உன் அக்காவுக்கு இல்லை. வேலைக்காலம் முழுக்க எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கல்யாணமான புதிதில் உன் அப்பாவின் கடைத் தராசையே பூட்டி முத்திரை வைத்தேன். மாமனார் வீட்டில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் அவர்மேல் வழக்கு எழுதியவர் என்று உன் அக்கா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துகிறாள். சலுகை என்ற சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை, இப்போதும் எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முறைப்படி வாங்கி, முறைப்படி அடுக்கி, முறை வரும்போது எடுத்துப் படி. அவசரம் இல்லை.

உன் அக்காவின் தொழில் உனக்குத் தெரியும். கோப்பைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறாள். பல் மருத்துவர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகு கட்டி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடிக்கிற இடத்தைச் சரிபார்த்து அனுப்புவாள். மருத்துவர் அதை ஆளின் வாயில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு நிலையான ஈறை வார்த்து வேகவைப்பாள். ஆக, எல்லாம் மெழுகில் இருக்கிறது. எங்கள் பின்னறையோ வெயில் காலத்தில் அடுப்பு, குளிர் காலத்தில் ஐஸ் பெட்டி. வெயிலில் மெழுகு இளகிப் பல் சாய்கிறது. குளிரில் மெழுகு விரிசல் விட்டுப் பல் உதிர்கிறது, கூடவே அவள் விரல்களும் விறைத்துப்போகின்றன. ஹீட்டரும் வேகவைக்கும் பாத்திரமும் ஒரே நேரத்தில் ஓடினால் பியூஸ் போய் வீடே இருட்டாகிறது. சென்ற கோடையில் ஒரு வக்கீலின் முன்பல் இரண்டும் மயிரிழை சாய்ந்ததை யாரும் கவனிக்காமல் விட, மனிதர் நீதிமன்றத்தில் ஒவ்வொரு சகரத்துக்கும் ஒரு விசில் அடித்திருக்கிறார். "சாட்சி சொன்னதைச் சற்றே" என்று தொடங்கியதுமே நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். மறுநாள் பல் மருத்துவர் வீட்டுக்கே வந்து, "எனக்கும் பேருன்னு ஒண்ணு இருக்கும்மா. இன்னொரு செட் இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அக்காவுக்கு வேறு மருத்துவர் கிடையாது. அந்த வேலையும் போனால் நாள் முழுவதும் என்னோடு பேசிக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது. அது எங்கள் இரண்டு பேருக்குமே நல்லதல்ல.

ஆகவேதான் பூமிக்குள் குழாய் இறக்கி வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்கிற ஏற்பாட்டுக்கு விண்ணப்பித்தோம். போர் மிஷின்காரர் வந்து பின்புறத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு விளக்கினார். "கீழ போயிட்டா வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது சார். எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு குழாயை இறக்கி, அடியில மடக்கி, மறுபடி மேல கொண்டாந்துருவோம். உள்ள இருக்கற அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும். மண்ணுலேர்ந்து ஒரு சொட்டு எடுக்க மாட்டோம், மண்ணுல ஒரு சொட்டு விட மாட்டோம். வெயில் காலத்துல வீட்டுச் சூட்டைக் கொண்டுபோய்க் கீழ எறக்கிட்டு வரும். குளிர்ல கீழேர்ந்து சூட்டை எடுத்துட்டு வரும்." துளை எவ்வளவு அகலம் என்று கேட்டேன். ஒரு சாண் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு ஆழம் என்றேன். நூற்றைம்பது மீட்டர் என்றார். வினை அங்கேதான் வந்தது. உன் அலுவலக விதிப்படி நூறு மீட்டர் வரைக்கும் போனால் அது துளை, தாண்டினால் அது சுரங்கம். பாதிப் பாதி ஆழத்தில் இரண்டு துளையாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். இரண்டுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைப் பார்த்தால் இரண்டாவது துளை பக்கத்து வீட்டுக் குளியலறையில்தான் வரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொண்ணூத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்துருங்க சார். பூமிக்குள்ள போய் யாரு டேப் வெச்சுப் பாக்கப்போறா?" என்றார். நான் யாரென்று பாவம் அவருக்குத் தெரியாது. அவருடைய இரும்புத் தண்டு ஒன்றை எடுத்து அங்கேயே அளந்து காட்டினேன். அதில் பொறித்திருந்த நீளத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தவே இல்லை.

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். உன் அலுவலகத்திலிருந்து முதற்கட்டப் பதிவு வந்தது. துளை போடுவதற்கான அனுமதி பிறகுதான் வரும், ஆனால் பதிவான நாள் முதலே எங்கள் பின்புறம் சுரங்கம் என்று அதைப் படித்த பிறகு விளங்கியது. பக்கவாட்டுச் சுவரை இடித்து மிஷினை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அனுமதி வந்தால் கூப்பிடுங்கள் என்று போர் மிஷின்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சுரங்கத்துக்கு மேலாளர் வேண்டும் என்றது விதி, ஓய்வில் இருப்பதால் நானே ஆனேன். துணை மேலாளர் வேண்டும் என்றது, வீட்டில் மிச்சம் இருந்தது உன் அக்காதான். மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஒரு படுக்கை வாங்கினோம். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், படுக்க ஒருவர் வேண்டும், எங்கள் சுரங்கத்தில் மொத்தமே இரண்டு பேர் என்பதால் யார் மயங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. வருகைப் பதிவேடு வைத்தேன். "நான் எதுக்குங்க கையெழுத்து போடணும்? நான் பல்லு வேலை பாக்கறவ" என்றாள் உன் அக்கா. நான் விதியைப் படித்துக் காட்டினேன். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மிஷின் கம்பத்திலேயே கொடி கட்டித் துணி காயப்போட்டாள். துணி காயப்போடுவதை விதி தடுக்கவில்லை என்பதால் நானும் தடுக்கவில்லை.

வாசலில் விதிப்படி பலகை மாட்டியதும் தெருவே மாறிப்போயிற்று. சுரங்கம், அனுமதியின்றி நுழையக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருந்தால் யாருக்குத்தான் நுழையத் தோன்றாது? வீட்டுத் தரகர் ஒருவர் வந்து விற்கும் உத்தேசம் உண்டா என்று பல்லைக் காட்டிக் கேட்டார். ஒருவர் சொந்த மண்வெட்டியோடு வந்து, "ஆளு எடுக்கறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "உள்ள என்ன சார் கெடைக்குது?" என்றார். ஒன்றும் கிடைக்காது, சூடு மட்டும்தான் கிடைக்கும் என்று உண்மையைச் சொன்னேன். "சொல்லப் பிடிக்கலைன்னா விடுங்க சார், அதுக்காக இப்படியா" என்று மனம் நொந்து போய்விட்டார். இதையெல்லாம் கேட்ட பக்கத்து வீட்டுப் பூகோள ஆசிரியை, அயலாரின் சம்மதம் வேண்டும் என்ற விதியை எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சூடு எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்டார்.

"நாலு பக்கத்துலேர்ந்தும் வரும்" என்றேன்.

"அப்போ அதுல ஒரு பக்கம் என்னோடது."

மறுக்க முடியவில்லை. நானே அளந்து பார்த்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, குளிர் காலத்தில் அவர் பக்கத்துச் சூட்டை எடுக்கும்போது மரியாதையாக எடுக்க வேண்டும், கோடையில் எங்கள் வீட்டுச் சூட்டை அவர் பக்கம் தள்ளக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சம்மதக் கையெழுத்துப் போட்டார். பூமிக்கு இதை யார் எடுத்துச் சொல்வது என்று உன் அக்கா கேட்டாள். அது மேலாளரின் பொறுப்பு என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

பிறகு உன் ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தேநீர் குடித்தார். கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "கீழ எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?" என்றார்.

"கீழன்னு ஒண்ணு இன்னும் இல்லையே" என்றேன்.

"வந்ததுக்கு அப்புறம் எத்தனை பேர்?"

"ஒரு சாண் அகலம் சார். பூனைகூட எறங்காது."

"பூனையைப் பத்தி இதுல இல்லை. எத்தனை பேர்னு மட்டும் சொல்லுங்க."

"யாரும் இல்லை."

எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆபத்துன்னா அவங்க வெளிய வர ரெண்டு வழி இருக்கா?" என்றார்.

"எவங்க?"

"கீழ இருக்கறவங்க."

"யாரும் இல்லைன்னு இப்பத்தானே எழுதினீங்க?"

"அது நாலாவது கேள்வி. இது ஒம்பதாவது."

ஒரு ஆய்வாளன் இன்னொரு ஆய்வாளனின் கஷ்டத்தைப் புரிந்துகொள்வான். ஆகவே வாதாடவில்லை. ஒரே ஒரு வழிதான் இருக்கும் என்றேன். எந்தச் சுரங்கத்துக்கும் இரண்டாவது வழி கட்டாயம், அதுவும் முதல் வழியின் அடிவரைக்கும் போக வேண்டும் என்றார். அப்படியானால் அந்த இரண்டாவது துளையும் நூறு மீட்டரைத் தாண்டுமே, தாண்டினால் அதுவும் ஒரு சுரங்கம் ஆகுமே, அந்தச் சுரங்கத்துக்கும் ஒரு இரண்டாவது வழி வேண்டியிருக்குமே என்று பணிவோடு கேட்டேன். அவர் மிஷினைப் பார்த்தார், துணிக்கொடியைப் பார்த்தார், ஆசிரியை வீட்டுச் சுவரைப் பார்த்தார். "நல்ல கேள்வி. மேல எழுதிக் கேக்கறேன்" என்றார். மேல என்றால் நீ. அந்தத் தாள்தான் இப்போது உன் மேசையில் என் விண்ணப்பத்துக்கு மேல் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

போகும்போது அபாயச் சங்கு எங்கே என்றார். வாங்கி வைத்திருந்தேன். வாரா வாரம் ஊதிச் சோதிக்க வேண்டும், சோதித்ததை எழுதிவைக்க வேண்டும் என்றார். நானும் தவறாமல் ஊதினேன். முதல் வாரம் நாய்கள் மட்டும் ஓடின. இரண்டாம் வாரம் ஆசிரியை ஓடினார். மூன்றாம் வாரம் நான் பொத்தானை அழுத்திய அதே நொடியில் உன் அக்கா பின்னறையில் ஒரு முழு வாய்க்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லை நட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போய்ப் பார்க்கும்போது அவள் தரையில் முழங்காலிட்டுப் பற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. நானும் குனிந்து பொறுக்கினேன். அலமாரிக்கு அடியில் போன ஒன்று கிடைக்கவில்லை. அன்று மாலை தர வேண்டிய செட் அது. இருந்த மெழுகை மறுபடி இளக்கி, வேறு பல் தேடி நட்டு, அவசரம் அவசரமாகக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பல் மற்றவற்றைவிட ஒரு சாயல் மஞ்சள். மருத்துவர் இந்த முறை வீட்டுக்கு வரவில்லை, ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். குளிர் தொடங்குவதற்குள் அறையைச் சரிசெய்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் கையில் இருக்கும் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாராம். உன் அக்கா சங்கைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இவ்வளவும் எழுதியதால் விதியே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதே. வேண்டும். அடுத்த தெருச் சலவைக் கடைக்காரர் யாரையும் கேட்காமல் ஒரு துளை போட்டு, குழாயைச் சுற்றி அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். அடியில் இருந்த கலங்கல் தண்ணீர் அந்த வழியே ஏறி மேலே இருந்த நல்ல தண்ணீரில் கலந்து, இப்போது அவர் துவைக்கும் வெள்ளைச் சட்டையெல்லாம் தேநீர் நிறத்தில் வருகிறது. அவருக்கு அது வேண்டியதுதான், ஆனால் அந்தத் தெருவில் கிணறு வைத்திருக்கும் மற்ற வீட்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆகவே துளையை அடியிலிருந்து வாய்வரைக்கும் களிமண்ணும் சிமெண்டும் கலந்து அடைக்கிறார்களா, குழாய் கசியாமல் இருக்கிறதா, உள்ளே ஓடும் தண்ணீரில் என்ன கலக்கிறார்கள், நேராக இறங்குகிறதா அடுத்தவன் மண்ணுக்குள் வளைகிறதா, இதையெல்லாம் கேட்க வேண்டும், வந்து பார்க்கவும் வேண்டும். உன் கேள்வித்தாளை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தேன். தூக்குப்படுக்கை இருக்கிறது, சங்கு இருக்கிறது, கீழே இருப்பவர்களுக்குக் குடிதண்ணீர் இருக்கிறது. அடைப்பதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மனிதன் இறங்குகிற குழியையும் குழாய் இறங்குகிற குழியையும் ஒரே தராசில் வைக்காதே என்பது மட்டும்தான் என் கருத்து. புதிய விதிக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று உன் அலுவலகம் அறிவித்திருப்பதால் இதை அந்தக் கருத்தாகவே எடுத்துக்கொள். வரிசைப்படி படிக்கட்டும், குழு கூடட்டும், விவாதிக்கட்டும். என் விண்ணப்பத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்துவிடாதே, அது எனக்கும் அழகல்ல, உனக்கும் அழகல்ல. மறுபடியும் சொல்கிறேன், அவசரம் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளும், உன் ஆய்வாளருக்கு என் வணக்கமும் உரித்தாகுக. நீ பதவியிலும் உடம்பிலும் உயர்ந்து, யாருக்கும் வளையாமல், நீண்ட நாள் இருக்க வேண்டுமென்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
மேலாளர், துளை இல்லாத சுரங்கம்.

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகு இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அவசரம் இல்லை அவசரம் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, யாருக்கு அவசரம் இல்லை?" என்றாள். கேட்டுக்கொண்டே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவிட்டாள். உன் அரசுக் குடியிருப்பில் வருடம் முழுக்க வெயிலும் தெரியாதாம், குளிரும் தெரியாதாம், உன் சாப்பாட்டு மேசைக்கு நல்ல வெளிச்சமாம். மெழுகு, பிளாஸ்டர், வேகவைக்கும் பாத்திரம், பாக்கி இருக்கும் தாடைகள் எல்லாவற்றையும் கட்டிவிட்டாள். காலை வண்டிக்கு வருகிறாள். மேசைமேல் நல்ல துணி எதையும் விரித்து வைக்காதே, பிளாஸ்டர் ஒட்டினால் போகாது.

நானும் வருகிறேன் என்றேன். "மேலாளர் ராத்திரி சுரங்கத்தை விட்டுட்டு வெளிய தங்கக் கூடாதுன்னு விதி இருக்குமே, பாருங்க" என்றாள். பார்த்தேன். இருக்கிறது. துணை மேலாளர் பொறுப்பேற்றால் போகலாம் என்றும் இருக்கிறது. அந்தத் துணை மேலாளர்தான் இப்போது பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். துணை மேலாளர் அனுமதி இல்லாமல் பணியிடத்தை விட்டுப் போனால் மேலாளர் உன் அலுவலகத்துக்கு உடனே புகார் எழுத வேண்டும். நான் எழுதப்போவதில்லை. என் ஆயுளில் நான் தெரிந்தே மீறும் முதல் விதி இது.

மச்சான், மேலே எழுதியதில் எதையும் கணக்கில் வைக்காதே. வரிசையும் குழுவும் விவாதமும் ஊருக்கு நடக்கட்டும். என் விண்ணப்பத்தை மட்டும் அடியிலிருந்து உருவி எடுத்துக் கையெழுத்துப் போடு. இதற்குச் சலுகை என்று பெயர், அதைத்தான் கேட்கிறேன். அவள் இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதற்குள் இந்த வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது.

கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. வண்டியில் வெகுநேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள். அதனால் உறையை ஒட்டாமல் கொடுக்கிறேன்.